கொள்ளிடத்துப் பெரியவர்

மிருகக்காட்சிசாலையை மாட்டுப் பவுண்டு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போன ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நினைத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் போய், “ஆளு வந்திருக்கோம், அடையாளம் சொல்றோம், எங்க முதலைய அவுத்து விடுங்க” என்று கேட்டும் தொலைத்தேன். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், “அப்ப உங்களுக்கு மூணு வயசாப்பா?” என்கிறார்கள். ஒன்பது முடிந்துவிட்டது. வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகத் தெரியும். வாய்ப்பாட்டுக்கும் புத்திக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதற்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

என் தரப்பிலும் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் ஊர் சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடக் கரையில். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே பவுண்டு. யார் மாடாவது அடுத்தவர் பயிரில் வாயை வைத்தால் ஓட்டிக்கொண்டு வந்து அந்த வேலிக்குள் அடைத்துவிடுவார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து, இன்ன நிறம், இன்ன கொம்பு, நெற்றியில் இன்ன சுழி என்று அடையாளம் சொல்லி, தெண்டம் கட்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஆகவே எனக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு பிராணி கம்பிக்குப் பின்னால் நிற்கிறது என்றால் அது எங்கேயோ மேய்ந்திருக்கிறது. அடையாளம் சொன்னால் விட்டுவிடுவார்கள். சட்டம் என்பதே அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன்.

அந்த வருஷங்களில் பவுண்டில் கூட்டம் நெரியும். குத்தகைக்காரர் பெயரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த காலம். கட்சிக் கொடி பறக்கிற டீக்கடையில் சட்டத்தைப் பற்றிப் பேச்சு. பேச்சு முடிவதற்குள் நிலத்துக்காரர்கள் குத்தகைக்காரர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். காலி பண்ண மாட்டேன் என்றவர்களின் மாடுகளெல்லாம் திடீரென்று ஒழுக்கம் கெட்டுப்போய்ப் பண்ணை வயலில் மேய்வதாகப் பண்ணையின் ஏஜெண்டு கண்டுபிடித்தார். அத்தையின் சிவலைப் பசு அப்படி அடிக்கடி பிடிபட்டு, கடைசியில் யாருக்கும் சிரமம் வைக்காமல் தானே பவுண்டு வாசலில் போய் நிற்கும் அளவுக்குப் பழகிவிட்டது. அதை மீட்டு வருகிற உத்தியோகம் எனக்கு.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா தவறியபிறகு எங்களோடு இருந்தாள். கொள்ளிடத்தின் உள்ளேயே, ஆறு வண்டல் ஒதுக்கிப் போட்ட மேட்டில், பண்ணைக்குச் சொந்தமான படுகை ஒன்று உண்டு. நாணலும் முள்ளுமாகக் கிடந்த அதை மாமாவும் அவளும்தான் திருத்திக் கத்தரி, மிளகாய், எள் என்று போட்டு ஆளாக்கினார்கள். மாமா போனபின்பு அவள் தனியாகவே பயிர்செய்தாள். வருஷம் தவறாமல் குத்தகை கொடுத்தாள். ரசீதுதான் ஒரு வருஷமும் வரவில்லை. “நமக்குள்ள எதுக்கும்மா துண்டுச்சீட்டு?” என்று ஏஜெண்டு பாசத்தோடு கேட்பாராம். அந்தப் பாசத்துக்கு என்ன அர்த்தம் என்பது, பெயரைப் பதியப் போனபோது தாலுக்காபீசில் “ரசீது எங்கே?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

படுகையை ஒட்டி ஆழமான மடு ஒன்று இருந்தது. கோடையில் ஆறு முழுக்க மணலாகிப்போனாலும் அந்த மடுவில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். அதில்தான் பெரியவர் இருந்தார்.

பெரியவர் என்றால் முதலை. பெயர் சொல்லிப் பேசுகிற வழக்கம் ஊரில் கிடையாது. மடுவில் இறங்குகிறவர்கள் முதலில் குடத்தைக் கரையோரத்துக் கருங்கல்லில் இரண்டு தட்டுத் தட்டி, “பெரியவரே, வழி விடுங்க” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பார்கள். எதிர்க்கரை ஓரமாக இரண்டு முண்டுக் கண்கள் மேலே வந்தால், விட்டுவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் இறங்கித் தண்ணீர் எடுக்கலாம். அத்தை ஒரு படி மேலே போய், படுகையில் கீழண்டை மூலையை உழாமலே விட்டிருந்தாள். அங்கேதான் பெரியவர் ஏறி வெயில் காய்வார். “அவருக்கும் நாலு முழம் எடம் வேணாமா?” என்பாள்.

படுகைக்கு எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் போய்விடலாம். பண்ணைப் பக்கமிருந்து வந்தால் மடுவின் ஓரமாகத்தான் இறங்கவேண்டும். ஒருமுறை ஏஜெண்டு ஏர் மாடும் ஆட்களுமாக, படுகையை உழுது போட்டுவிடலாம் என்று அந்த வழியாக இறங்கினார். பண்ணை ஆட்கள் யாருக்கும் தட்டிவிட்டு இறங்குகிற வழக்கமில்லை. நடுத்தண்ணீரில் பெரியவர் லேசாகத் தலையைத் தூக்கினார், வேறொன்றும் செய்யவில்லை. ஏஜெண்டு கரைக்குத் திரும்பிய வேகத்தில் அவரோடு அவருடைய வேட்டி வர மறுத்து, தனியாகக் கடலைப் பார்க்கப் போய்விட்டது. அத்தை படுகையில் கத்தரிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள், நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டாளாம்.

அதன்பிறகுதான் முதலையால் மனித உயிருக்கு ஆபத்து என்று மேலிடத்துக்கு மனு போனது. அடுத்த கோடையில் ஜீப்பும் லாரியும் வலையுமாக வந்தார்கள். வாயைக் கட்டி, கண்ணை ஈரச் சாக்கால் மூடி, பதினைந்து பேர் தூக்கி லாரியில் வைத்தார்கள். வந்த அதிகாரி தன்மையான மனிதர். ஆறுகளில் இந்த இனமே அற்றுப்போய்க்கொண்டிருக்கிறது, பட்டணத்து மிருகக்காட்சிசாலையில் வைத்து வம்சத்தைப் பெருக்கப்போகிறோம் என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. டீக்கடையில் ஒருவர், “நம்மள ரெண்டோட நிறுத்துங்குறான், முதலைக்கு மட்டும் வம்சம் பெருக்குறானா? யாருகிட்ட காது குத்துறான்!” என்றார். அதை ஊர் ஏற்றுக்கொண்டது. நான் என் பங்குக்கு, பெரியவர் வாத்து மேய்க்கிறவரின் வாத்தைத் தின்றுவிட்டார், அதனால் பட்டணத்துப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். எங்கள் ஊர்ப் பவுண்டு வேலியை அவர் ஒரு வாலடியில் சாய்த்துவிடுவார் அல்லவா? அதனால்தான் பெரிய பவுண்டு.

பெரியவர் போன மறுமாதமே மடுவின் ஓரமாக டிராக்டர் இறங்கியது. காய்க்கிற கத்தரியில் பாதியை மடக்கி உழுதார்கள். அத்தை டிராக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டதால் மறுபாதி தப்பியது. படுகையில் பண்ணையே நேரடியாகப் பயிர்செய்கிறது, குத்தகைக்காரர் என்று எவருமில்லை என்று ஏஜெண்டு தாலுக்காபீசில் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் அத்தை அலையாய் அலைந்தாள். கடைசியில் கட்சிக்காரர் ஒருவர், பட்டணத்தில் எம்.எல்.ஏ. ஹாஸ்டலுக்கு நேரில் போய் எம்.எல்.ஏ.வைப் பார்த்துவிட்டால், அவர் ஒரு வார்த்தை சொன்னால் பதிந்துவிடுவார்கள் என்று வழி சொன்னார்.

பட்டணம் போக ஆம்பளைத் துணை வேண்டும். அப்பாவுக்கு வேலை பண்ணையின் ரைஸ்மில்லில். ஆகவே புறப்படுகிற அன்று அவருக்குக் கடுமையான வயிற்றுவலி. பாயில் சுருண்டு படுத்தபடி, “ரெண்டு பேரும் பத்திரமாப் போயிட்டு வாங்க” என்றார். அத்தை அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஒனக்கு வலிக்கிற எடம் வயிறு இல்லடா” என்று மட்டும் சொன்னாள். ஆம்பளைத் துணையாக நான் போனேன். சீர்காழியில் ரயில் ஏறிய பத்தாவது நிமிஷத்தில் தூங்கி, எழும்பூரில் கண் விழித்தேன். அப்படியொரு காவல்.

ஹாஸ்டல் வாசலில் இருந்த காவல்காரர், “எம்.எல்.ஏ. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தாம்மா வருவாரு” என்றார். காலை ஒன்பது மணி. அத்தை கொஞ்சநேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ தப்புக் காரியத்துக்குக் கூப்பிடுகிறவள்போல மெதுவாகக் கேட்டாள்.

“பெரியவரப் பாத்துட்டு வந்துருவமாடா?”

பட்டணம் போய்வந்தவர்கள் மிருகக்காட்சிசாலைக்கு உயிர்க் காலேஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அத்தை வழியெல்லாம் அப்படித்தான் கேட்டுக்கொண்டு போனாள். ரயிலடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும், நான் ஒவ்வொரு கூண்டாகக் குற்றத்தை ஊகிக்க ஆரம்பித்தேன். மான்: நாற்றங்கால். சந்தேகமே இல்லை. யானை: வாழைத்தோப்பு. குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதெல்லாம் பழைய குற்றவாளி. வரிக்குதிரையைப் பார்த்ததும், குற்றம் பெரியது போலிருக்கிறது, உடுப்பே கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. நீர்யானையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அது எங்கள் வயலில் ஒருமுறை இறங்கி ஏறினால் அதன்பிறகு நடவுக்குச் சேறு கலக்கித் தொழி ஓட்டவே வேண்டாம்.

“இவ்வளவு பெரிய மாட்ட யாரு அத்தை புடிச்சு ஓட்டியாந்திருப்பா?”

“வாய மூடிக்கிட்டு வா. அது காதுல விழுந்தா நமக்குத்தான் சங்கடம்.”

அப்போதுதான் சிங்கம் கத்தியது. கத்தியது என்கிறேன், அது காதில் கேட்ட சத்தமில்லை. காலடியில் மண் வழியாக ஏறி, வயிற்றுக்குள் புகுந்து, விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன ஒன்று. என்னைப் பற்றி எனக்கிருந்த எண்ணமெல்லாம் அந்த நிமிஷத்தில் சுருங்கி ஒரு மிளகு அளவுக்கு வந்துவிட்டது. அத்தையின் முந்தானைக்குள் போயிருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு பயத்தினால் இல்லை. கோயிலில் திரை விலகும்போது கை தானாக மேலே போகுமே, அதுபோல. இது எந்தப் பயிரிலும் வாய் வைத்திருக்காது என்று எனக்கே அப்போது ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் நம்பிக்கையை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிற ஆள் இல்லை நான்.

முதலைக் குளம் கடைசியில் இருந்தது. இடுப்பளவுச் சுவர், மேலே கம்பி, உள்ளே மணல்மேடும் பச்சைத் தண்ணீரும். மணலில் ஏழெட்டு முதலைகள், வெள்ளத்தில் ஒதுங்கிய பனைமரங்கள்போலக் கிடந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு. அடையாளம் சொல்லி மீட்கிற தொழிலில் நிபுணனான எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொம்பா, சுழியா, எதைச் சொல்வது?

சுற்றி நின்றவர்கள் கடலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சின்னக் கல்லை எறிந்தான். எதுவும் அசையவில்லை. “எல்லாம் பொம்மைடா” என்றது ஒரு குரல்.

அத்தை கூடையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். அதில் புளிச்சோறு இருந்தது. தூக்கின் அடியைச் சுவர்மேல் வைத்து டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

“பெரியவரே, வழி விடுங்க.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரிப்பு முடியுமுன்னால், மணல்மேட்டின் ஓரத்தில் கிடந்த ஒரு பனைமரம் வாயை மூடியது. அவ்வளவு பெரிய வாய் மூடிய சத்தம் ஒரு புத்தகம் மூடுகிற சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு அந்த உடம்பு நாலு காலில் எழுந்து, அவசரமே இல்லாமல் சறுக்கித் தண்ணீருக்குள் போனது. குளத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. எதிர்ச்சுவர் ஓரமாக இரண்டு முண்டுக் கண்கள் மேலே வந்தன. வந்து, அங்கேயே நின்றன.

மற்ற முதலைகள் ஒன்றும் அசையவில்லை.

நான் அதற்குப்பிறகு எத்தனையோ பெரிய காரியங்களைப் பார்த்திருக்கிறேன். விமானத்தில் போயிருக்கிறேன், கடலில் சூரியன் எழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு கண்களைப் பார்த்தபோது முதுகுத்தண்டில் ஓடியது பிறகு ஒருபோதும் ஓடவில்லை. ஒரு வருஷம் ஆகியும், அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்து போட்டும், அவருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. எங்களை என்று நான் சேர்த்துக்கொள்கிறேன், அத்தையை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எளைச்சுட்டாரு” என்றாள்.

சுவரில் ஒரு பலகை இருந்தது. அதைப் படிக்கச் சொன்னாள். “நன்னீர் முதலை. இடம்: கொள்ளிடம் ஆறு, தஞ்சாவூர் மாவட்டம்” என்று படித்தேன்.

“யாரு எழுதினது?”

“கவர்மெண்டு அத்தை.”

“இன்னொருவாட்டி படி.”

படித்தேன். அத்தை பலகையைத் தொட்டுப் பார்த்தாள். “பாத்தியா, பெரியவருக்குப் பதிஞ்சு குடுத்துட்டாங்க. ரசீது ஒண்ணும் கேக்கல” என்றாள். அவள் வேடிக்கையாகப் பேசினால் நானும் வேடிக்கையாகச் சிரிப்பது வழக்கம், சிரித்தேன்.

அந்த உற்சாகத்தில்தான், குளத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையிலிருந்து வெளியே வந்த டாக்டரம்மாவை மறித்து, நான் முதலில் சொன்ன அந்த வாசகத்தைச் சொன்னேன். சேலைக்குமேல் வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்ன வயதுப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எதத் தம்பி அவுத்து விடணும்?”

“முதலைய. வாத்த எங்க முதலை தின்னல. தின்னுருந்தாலும் ஒண்ணோ ரெண்டோதான் தின்னுருக்கும். ஒரு வருஷம் அடைச்சுப் போட்டது போதாதா?”

கையில் வாளியோடு வந்த ஆள் சிரித்த சிரிப்பில் வாளியிலிருந்த மீன் கீழே விழுந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன். அத்தை ஓடிவந்து, “புத்தி இல்லாத புள்ளைங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்று மன்னிப்புக் கேட்டாள். பேச்சுவாக்கில், நாங்கள் கொள்ளிடத்துக்காரர்கள் என்று தெரிந்ததும் டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டது. எந்த மடு, எந்தப் பக்கம் வெயில் காயும், மாசியில் எங்கே மண்ணைப் பறிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“அவரு ஏங்க மண்ணப் பறிக்கப்போறாரு?” என்றாள் அத்தை.

“முட்டை போடத்தான்.”

“யாரு?”

“இதுதாம்மா. இது பொட்டை.”

 அத்தை மோவாயில் கை வைத்தாள். “அடியம்மா! இத்தன வருஷமா ஒரு பொம்பளையப் போயா பெரியவரே, பெரியவரேன்னு கூப்புட்டுக்கிட்டிருந்தேன்!” என்றவள், கொஞ்சம் யோசித்து, “அதான் அந்தாளு வேட்டிய உருவி அனுப்பியிருக்கா” என்றாள். ஏஜெண்டின் கதையை அங்கேயே அவள் சொல்ல, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆகிவிட்டது.

பிறகு எங்களைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே மணல் நிரப்பிய மரப்பெட்டிகள். சோறு வடிக்கிற இடம்போல வெதுவெதுப்பு. ஒரு பெட்டியின் முன்னால் எங்களைக் குந்தவைத்து, “பேசாம கேளுங்க” என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மணலுக்குள்ளிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. அதற்கு இன்னொரு விக்கல் பதில் சொன்னது. அப்புறம் பெட்டி முழுக்க விக்கல்.

“முட்டைக்குள்ளேருந்தே கூப்பிடுதுங்க. ஆத்துல இருந்தா இந்தச் சத்தம் கேட்டுத்தான் தாய் வந்து மண்ணத் தோண்டும். இங்க நாங்க தோண்டறோம்” என்றபடி விரல்களால் மணலை ஒதுக்கினார். வாத்து முட்டை மாதிரி வெள்ளையாக, நீளமாக முட்டைகள். ஒன்றின் ஓடு விரிந்து, ஊசி முனை மூக்கு ஒன்று வெளியே வந்தது. பிறகு ஒரு கண். பொன் நிறம், நடுவில் நெட்டுக்கோடு. பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத அந்தக் கண் என்னை எந்த மரியாதையும் இல்லாமல் பார்த்தது. டாக்டரம்மா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓணான் அளவுதான். ஆனால் முதுகில் முள், வாலில் அரம், வாயில் பல் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் பொருத்தி அனுப்பியிருந்தது. அதன் இதயம் என் கையில் அடித்தது. நான் மூச்சு விடவில்லை. அந்த வயதில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அநேகமாக அது ஒன்றுதான்.

“இது நம்ம… இவ போட்டதா?” என்றாள் அத்தை. குரல் கிசுகிசுவென்று இருந்தது.

டாக்டரம்மா சன்னலைக் காட்டினார். வெளியே குளத்தில், மற்றவை எல்லாம் வெயிலில் கிடக்க, ஒன்று மட்டும் ஏறிவந்து கொட்டகைச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு படுத்திருந்தது.

அத்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதை நான் அப்போது நினைக்கவில்லை. குட்டி என் விரலைக் கடிக்குமா கடிக்காதா என்பதுதான் என் கவலை. கடித்தது.

“இதுங்கள என்ன பண்ணுவீங்க?” என்று அத்தை கேட்டாள்.

“வளப்போம். ஆள் உசரம் வந்ததும் ஆத்துலயே கொண்டுபோய் விடுவோம். அதுக்குத்தானே இவ்வளவு பாடு. ஆனா எடந்தான் கெடைக்கமாட்டேங்குது. வத்தாத மடு வேணும். பக்கத்துலயே உழாம, வெட்டாம ஒரு கரை வேணும். எல்லாத்துக்கும் மேல, வெரட்டாத மனுஷங்க வேணும்.”

“எங்க படுகையில விடுங்களேன்” என்று நான் குதித்தேன். டாக்டரம்மா அத்தையைப் பார்த்தார். உழாமல் விட்ட மூலையைப் பற்றி அத்தை மெல்லச் சொன்னாள். மடுவின் ஆழத்தைச் சொன்னாள். குடம் தட்டுகிற வழக்கத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது.

“இப்படி ஒருத்தரத்தாம்மா நாங்க தேடிக்கிட்டிருக்கோம். நான் மேல எழுதி வச்சிடறேன். எடம் உங்களுதா இருக்கறதால பிரச்சினையே இல்ல. பாத்துக்குவீங்களா?”

அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். சன்னலுக்கு வெளியே ஒருதரம் பார்த்தாள்.

“பாத்துக்கறேன்” என்றாள்.

திரும்பி வரும்போது நான் தரையில் நடக்கவில்லை. குட்டிகளெல்லாம் வளர்ந்து மடு நிறைய நீந்துவதையும், ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைப்பதையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருமுறை மட்டும், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “வாக்குக் குடுத்துட்டேனே” என்றாள். வாக்குக் கொடுப்பது நல்ல காரியம்தானே என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு ஹாஸ்டலில் எங்களை மாடிக்குப் போகச் சொன்னார்கள். எம்.எல்.ஏ. கரைத்துண்டு போட்ட சிரித்த முகக்காரர். “வாங்கக்கா, வாங்க” என்று எழுந்தே நின்றுவிட்டார். அத்தை அறைக்குள் ஒரு காலை வைத்தவள், அப்படியே நிலைப்படியில் நின்றாள். உள்ளே பிரம்பு நாற்காலியில் எங்கள் ஊர்ப் பண்ணை ஏஜெண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கானால் தலைகால் தெரியாத சந்தோஷம். அவ்வளவு பெரிய பட்டணத்தில், காலையிலிருந்து தெரிந்த முகம் ஒன்றையும் பார்க்காமல் அலைந்தவனுக்கு ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தால் எப்படியிருக்கும்! சிவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு போகிறவர் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. அத்தையின் கையை உதறிவிட்டு ஓடி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பெரியவரைப் பார்த்ததை, தட்டியதும் வழி விட்டதை, பெரியவர் பொம்பளை என்பதை, முட்டை விக்கியதை, குட்டி கடித்ததை. கடித்த விரலையும் காட்டினேன்.

எம்.எல்.ஏ. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அதுங்கள்லாம் பெருசானதும் எங்க படுகைக்கே கொண்டாந்து விடப்போறாங்க மாமா! அத்தை பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க!”

ஊரிலுள்ள ஒவ்வொரு வரப்பும், ஒவ்வொரு வாய்க்காலும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிகிற மனிதர் அவர். தம்ளரில் மிச்சமிருந்த காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். வழி தவறி வந்துவிட்ட யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்து நான் முன்கூட்டியே சிரித்து வைத்தேன்.

“எந்தப் படுகை?” என்றார்.